கொந்தராத்தும் சொந்தக் கையும்

'வீடு' என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டென்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. மாந்தர் உறையும் இல்லமும் வீடு. பற்றுக்களை விட்ட உயிர் எய்தும் பேரின்ப நிலையும் வீடு. 'விடு' என்னும் முதனிலை நீண்டு பெயராயிற்று என்பர் இலக்கண நூலார். உழைத்துக் களைத்தவன் சுமையை இறக்கி வைத்து, எவருக்கும் அஞ்சாது கால் நீட்டிப் படுக்கும் இடத்துக்கு நம் முன்னோர் இப்பெயரை இட்டனர் போலும். ஆயின், ஊவாவின் மலைத்தோட்டங்களிலே வாழும் நம்மவர் தாம் குடியிருந்த இடத்தை நெடுங்காலம் இச்சொல்லால் வழங்கினாரல்லர். அவர் வாயில் வழங்கியது 'காம்பரா'. அது போர்த்துக்கேயர் தந்த சொல். காம்பராவின் முன்னுள்ள சிறு திண்ணை 'இஸ்தோப்பு'. அது ஒல்லாந்தர் தந்தது. காம்பராக்கள் வரிசையாய் நிற்கும் நெடுங்கட்டடம் 'லயம்'. ஆங்கிலேயரின் 'லைன்' என்பதன் திரிபு. சுவர் எழுப்பும் தொழிலாளியாகிய 'பாஸ்' மீண்டும் ஒல்லாந்தரிடமிருந்து வந்தவர். அவர் மொத்தமாய் ஏற்றுச் செய்யும் வேலை 'கொந்தராத்து'. தோட்டத்தார் அதனைத் தம் நாவுக்கு இசையக் 'கொந்தரப்பு' என்பர். சொற்களும் கடன், அச்சொற்கள் குறித்த கட்டடமும் கடன்.

இதனை இங்கே எடுத்துரைக்கக் காரணம் உண்டு. பதுளையிலும் பண்டாரவளையிலும் வீடு திருத்துவோர் கூடுமிடமெல்லாம் ஒரே வழக்கு நிகழ்கின்றது. கூரை மாற்றுவதும், குசினியை விரிப்பதும், சுவருக்குப் பூச்சிடுவதும் நாமே செய்யத்தக்கனவா, அன்றிக் கொந்தராத்துக்காரரிடம் ஒப்படைக்கத்தக்கனவா என்பதே அவ்வழக்கு. நகரத்தாருக்கு இது பணத்தையும் பொழுதையும் பற்றிய கேள்வி. தோட்டத்தாருக்கோ தலைமுறை தலைமுறையாகக் கேட்கவே இயலாதிருந்த கேள்வி. தமதல்லாத சுவரைத் தாமே திருத்துவதா, பிறரைக் கொண்டு திருத்துவதா என்று எவர்தாம் ஆராய்வர்?

நகரத்து வழக்கைச் சுருங்கச் சொல்லிவிடுவோம். வேலை கொடுக்கும் முறை மூன்று. சாமானும் கூலியும் சேர்த்து ஒருவரிடம் மொத்தமாக ஒப்படைப்பது ஒன்று. சாமானை நாம் வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் பேசுவது மற்றொன்று. நாட்கூலிக்கு ஆள் வைப்பது மூன்றாவது. முதலாவதில் சீமெந்து குறையும். மூன்றாவதில் நாள் நீளும். இரண்டாவதில் இவ்விரண்டும் ஓரளவுக்கு அடங்கினும், மணல் வந்து சேரும் நாளில் மேசன் வாரார். மேசன் வரும் நாளில் மணல் வாராது. கட்டுவேலையின் இயல்பே இதற்குக் காரணம். துணி வாங்குவோன் இழையைத் தடவிப் பார்க்கலாம். அரிசி வாங்குவோன் மணியைக் கடித்துப் பார்க்கலாம். சுவரின் உள்ளீடோ பூச்சு உலர்ந்தபின் கண்ணுக்குத் தோன்றாது. கலவையில் எத்தனை பங்கு மணல் கலந்தது, அத்திவாரம் எத்தனை அடி இறங்கிற்று என்பவற்றை அடுத்த மழைக்காலமே உரைக்கும். ஆதலின், அத்திவாரம் கண்டபின் ஒரு தவணை, சுவர் எழுந்தபின் ஒரு தவணை, கூரை ஏறியபின் ஒரு தவணை என்று பணத்தைப் பிரித்துக் கொடுத்தல் அறிவுடையார் செயல். முழுப் பணத்தையும் முற்கூட்டிக் கொடுத்தவன் அதன்பின் வீட்டுக்காரன் அல்லன், வேண்டுதல் செய்பவன்.

சொந்தக் கையாற் செய்வோரையும் நான் முற்றும் புகழேன். என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் இன்று தேர்ந்த மேசன். அவர் தம் வீட்டுச் சுவரைக் கட்டுதற்கு வேறொரு மேசனை அமர்த்தியிருந்தார். வியந்து காரணம் வினவினேன். "ஐயா, என் வேலையில் நூல் பிசகினால் நானே எனக்கு மன்னிப்புக் கொடுத்துவிடுவேன். அவன் வேலையென்றால் மட்டம் வைத்துப் பார்ப்பேன்" என்றார்.

பழந்தமிழ் நூல்களில் இவ்விரு முறையும் காணப்படுகின்றன. நக்கீரர் பாடிய நெடுநல்வாடையிலே, பாண்டியன் அரண்மனைக்கு மனை வகுத்தோர் கட்டட நூல் கற்ற வல்லுநர். கோல் நட்டு, உச்சிப்பொழுதின் நிழல் கண்டு திசை துணிந்து, கயிறு பிடித்து அவர்கள் இடம் வகுத்த முறையை அந்நூல் விரித்துரைக்கின்றது. பெரும்பாணாற்றுப்படையோ எயினர், ஆயர், உழவர், வலைஞர் முதலியோர் குடியிருப்புக்களை வழிநெடுகக் காட்டுகின்றது. ஈந்தின் இலை வேய்ந்த எயினர் குடிலுக்கு நூல் பிடித்தவர் எவருமிலர். உறைவோரே கட்டினர் என்று கொள்ளுதல் பொருந்தும். அரசன் வல்லுநரை ஏவினான்; எயினன் தன் கையை ஏவினான். இருவரும் ஏவினர் என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. வாயில் எத்திசை நோக்க வேண்டும், அடுப்பு எம்மூலையில் அமைய வேண்டும் என்பவற்றைத் துணிந்தவர் அவ்வீட்டிலே துயின்றவர். லயத்தில் வாழ்ந்தவருக்கு இவ்விரண்டும் கிட்டவில்லை.

லயக் காம்பராவின் அளவைப் பலரும் அறிவர். 10 அடி அகலம், 12 அடி நீளம். அதன் முன்னே ஓர் இஸ்தோப்பு. ஒரே கூரையின் கீழ் ஒரு வரிசையாகவோ, முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசையாகவோ இக்காம்பராக்கள் நிற்கும். மகனுக்கு மணம் முடிந்தால் இஸ்தோப்புக்குச் சாக்கும் தகரமும் மறைப்பாகும். பேரன் பிறந்தால் பின்புறத்தில் ஒரு சாய்ப்பு இறங்கும். இவையே தோட்டத்தார் தம் கையாற் செய்த வீட்டுத் திருத்தங்கள். இவற்றுக்கும் தோட்ட நிருவாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி நட்ட கம்பைப் பிடுங்கச் சொல்லும் அதிகாரம் துரையிடம் இருந்தது. கூரைத் தகரம் ஓட்டையானால் அதனை மாற்றும் பொறுப்பும் தோட்டத்தையே சார்ந்தது. மாற்றும் நாள் எதுவென்பதும் தோட்டமே அறியும். வேலையினின்று நீக்கப்பட்டவர் காம்பராவினின்றும் நீங்க வேண்டியிருந்த காலத்தில், தன் காசைக் கொட்டிச் சுவரைச் செப்பனிடுபவன் பேதையன்றோ? தோட்டத்து மக்கள் தம் குடியிருப்பைப் பேணாதவர் என்று நகரத்தார் சிலர் இகழக் கேட்டிருக்கின்றேன். காம்பராவினுள் ஒருநாளேனும் நுழைந்து பார்த்தவர் அங்ஙனம் இகழார். பொங்கலுக்கு முன்னே சுண்ணாம்பு அடித்து, சாணமிட்டு மெழுகிய தரையின் துப்புரவு பல மாடி வீடுகளிலும் காணக் கிடையாதது.

மக்கள் தாமே வீடு கட்டும் முறையை அரசே கைக்கொண்டு உலகுக்கு வழிகாட்டிய நாடு நம் இலங்கை என்பது பலருக்கு மறந்துபோயிற்று. 1978இல் தொடங்கிய நூறாயிரம் வீடமைப்புத் திட்டத்திலே நாட்டுப்புறங்களில் உதவியும் கடனும் பெற்று உரியவரே தம் வீட்டைக் கட்டினர். 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டம் இதனை மேலும் விரித்தது. வீட்டைக் கட்டிக் கொடுப்பது அரசின் வேலையன்று, கட்டிக்கொள்வோனுக்குத் துணை நிற்பதே அதன் வேலை என்பது அத்திட்டத்தின் கொள்கை. அக்காலத்திலேதான் சமூக ஒப்பந்தம் என்னும் முறையும் இந்நாட்டிலே உருவாயிற்று. கிணறு, கான், பாதை, பொதுக் கட்டடம் ஆகியவற்றை வெளியூர்க் கொந்தராத்துக்காரரிடம் கொடாது, அங்கு வாழும் மக்களின் சங்கத்திடமே கொந்தராத்தாகக் கொடுப்பது அதன் இயல்பு. ஐக்கிய நாடுகளின் வீடமைப்பு நிறுவனம் பின்னர் இம்முறையை ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் கொண்டு சென்றது. சொந்தக் கை, கொந்தராத்து என்னும் இரண்டனுக்கும் இடைப்பட்ட மூன்றாம் வழி இது. கொந்தராத்துக்காரர் உண்டு, ஆனால் அவர் அயலார் அல்லர்.

தோட்டங்களில் இவ்வழி பிந்தியே திறந்தது. காணி தோட்டத்துக்கு உரியதாய் இருந்தமை ஒரு தடை; 1948ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்து நின்றமை மற்றொரு தடை. 1992இல் தோட்ட முகாமை தனியார் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டபின், தோட்டத் தொழிலாளர் வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. சங்கத்தின் வழியாகக் கடன் பெற்று, சம்பளத்திற் கழித்து அடைத்து, தனி வீடு கட்டியோர் பசறை, லுணுகலை, மடூல்சீமை, நமுனுகுலைப் பகுதிகளிற் பலர். நாள் முழுதும் மலையில் உழைத்தவர் மாலையிற் கல் சுமந்தனர். ஞாயிறுதோறும் உறவினர் கூடிச் சுவர் எழுப்பினர். அவ்வீடுகளுக்கு உறுதி உடனே கிட்டவில்லை. உறுதியில்லாத வீட்டை எந்த வங்கியும் ஈடாக ஏற்காது. ஏற்காவிடில் அடுத்த அறைக்குக் கடன் இல்லை. சுவர்கள் பல ஆண்டுகள் பூச்சின்றி நின்றமைக்கு ஒரு காரணம் இதுவே.

2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் காலையில், கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானது என்று தேசியக் கட்டட ஆய்வு நிறுவகம் முன்னரே எச்சரித்திருந்தது. உயிர் தப்பியோர் ஏறத்தாழ 2 ஆண்டுகள் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலே தங்கினர். பின்னர்ப் பூனாகலைப் பகுதியில் 75 வீடுகள் கட்டப்பெற்றன, கட்டியவர் இராணுவத்தினர். மலையகத்தின் வீட்டுக் கேள்வியை நாடு முழுதும் பேசச் செய்தது அவ்வழிவே. லயத்தைத் திருத்துவதா, நீங்குவதா என்னும் வாதம் அன்றோடு முடிந்திருத்தல் வேண்டும், முடியவில்லை. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி வீசிய நாட்களில் பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பல இடங்களிற் சரிந்தன.

இந்திய அரசின் உதவியால் இலங்கையில் 50,000 வீடுகள் அமைக்கும் திட்டம், நம் கேள்விக்கு ஒரு பெரிய சோதனைக் களமாக அமைந்தது. வடக்கிலே முதல் 1,000 வீடுகளை இந்தியாவிலிருந்து வந்த கொந்தராத்து நிறுவனம் கட்டியது. அடுத்து 2012 அக்டோபர் 2ஆம் நாள் தொடங்கிய பகுதியில் முறை மாறிற்று. குடும்பம் ஒன்றுக்கு 5,50,000 ரூபாய் தவணைகளாக வழங்கப்பட்டது, அதனைக் கொண்டு அக்குடும்பமே மேசனைத் தேர்ந்தது, சாமானை வாங்கிற்று, வீட்டை முடித்தது. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகள் பெரும்பாலும் இம்முறையிலேயே எழுந்தன. மத்திய, ஊவா மாகாணத் தோட்டங்களுக்கென ஒதுக்கிய 4,000 வீடுகளின் வேலை 2016இல் தொடங்கியது. வீடு ஒன்றுக்கு 9,50,000 ரூபாய். குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி.

வடக்கின் முறையை அப்படியே மலைக்குக் கொணர இயலவில்லை. அதன் காரணங்கள் கட்டுவேலை அறிந்தார்க்கு எளிதில் விளங்கும். வன்னியில் லொறி வாசலுக்கே வரும். மலையிலோ தோட்டப் பாதையில் ஓரிடத்தில் மணல் இறக்கப்படும். அங்கிருந்து தலைச்சுமையாகவே மேலேற வேண்டும். ஒரு மூடை சீமெந்தின் விலையைக் கடைக்காரர் சொல்வார். அதனை மேடேற்றும் கூலியை அந்த மேடுதான் சொல்லும். வன்னியிற் சமநிலம், இங்கே சரிவை வெட்டித் தளம் அமைத்து, பின்புறம் தடுப்புச்சுவர் எழுப்பி, மழைநீர் ஓடக் கான் வெட்டிய பின்னரே அத்திவாரம். அன்றியும், பெயர் பதிந்த தொழிலாளி வீட்டு வேலையை மேற்பார்க்க நின்றால் அன்றைய பேர் விழாது. ஆகவே கூட்டுறவுச் சங்கங்கள் நடுவே நின்றன. சாமான் மொத்தமாக வாங்கப்பட்டது. தோட்டத்து இளைஞரே மேசன்மாராகவும் கையாட்களாகவும் அமர்ந்தனர். பணம் வேலையின் அளவுக்கேற்பத் தவணைகளாக வந்தது. முற்றும் சொந்தக் கையுமன்று, முற்றும் கொந்தராத்துமன்று.

இந்தியப் பிரதமர் மோடி 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இடையிலே 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி வந்து சீமெந்தையும் கம்பியையும் எட்டாத விலைக்கு ஏற்றியது. பின்னர் வீடொன்றின் மதிப்பு 28 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் மும்மடங்காகும்போது பெரிய கொந்தராத்துக்காரரின் பார்வை மலையை நோக்கித் திரும்புதல் இயல்பு. தொகை சிறிதாயிருந்த காலத்தில் மக்களையே கட்டச் சொன்ன அதிகாரிகள், தொகை பெருகியபின் மக்களுக்குக் கட்டத் தெரியாது என்று கருதத் தலைப்படுவரேல் அது விந்தையினும் விந்தை. இம்மலைகளிலே கானும் பாதையும் வெட்டியவர், கல்லடுக்கி மண்ணைத் தாங்கியவர், தொழிற்சாலைக்கு அத்திவாரம் தோண்டியவர் எல்லாம் யாவர்?

எகிப்து நாட்டில் ஹசன் பாத்தி என்னும் கட்டடக் கலைஞர் 1940களின் பிற்பகுதியில் லக்சருக்கு அண்மையிலே கூர்ணா என்னும் ஊரை மண் செங்கல்லால் அமைத்தார். கொந்தராத்து முறையை வெறுத்தவர் அவர். மரச்சாரமின்றி வளைகூரை கட்டவல்ல நூபிய மேசன்மாரைத் தேடி அழைத்துவந்து, ஊராரையும் பழக்கினார். வீடுகள் அழகும் குளிர்ச்சியும் வாய்ந்தன. ஆயினும் பழைய ஊரார் அங்குக் குடிபுக மறுத்தனர். அவர்தம் பிழைப்பு பழைய ஊரோடு பிணைந்திருந்தது. இடம் பெயர்வதற்கு அவர் உடன்பாடு கேட்கப்படவும் இல்லை. கட்டுபவர் நல்லவரா என்பதற்கு முன்னே, கட்டச் சொன்னவர் யார் என்னும் கேள்வி நிற்கின்றது. நம் தோட்டங்களிலும் வீடு முடிந்தும் குடிபுகாத குடும்பம் இருக்குமாயின், அதன் சோம்பலைப் பழிப்பதன் முன்னே அங்கு நீர்க்குழாய் வந்ததா, பிள்ளை பள்ளிக்குச் செல்லும் வழி எத்தகையது என்று கேட்டறிதல் நன்று.

கொந்தராத்துக்காரர் எல்லாரும் தீயர் என்று நான் கூறியதாக எவரும் கொள்ளற்க. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். இரும்புச் சட்டமின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு எழுந்த அப்பாலம் 1921இல் முடிந்தது. அதனைக் கொந்தராத்தாக ஏற்றவர் அப்புஹாமி என்னும் உள்ளூரார் என்று இப்பகுதியில் ஒரு கதை வழங்குகின்றது. ஆங்கிலப் பொறியியலாளர் ஐயுற்றபோது, முதல் வண்டி கடக்கையில் தாம் பாலத்தின் கீழே படுத்திருப்பதாக அவர் சொன்னாராம். கதையின் உண்மை எவ்வாறாயினும், கொந்தராத்துக்காரரைத் தேர்வதற்கு இதனினும் சிறந்த அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை. தாம் போட்ட கூரையின் கீழ் ஐப்பசி மழையில் ஓர் இரவேனும் துயிலும் துணிவு அவருக்கு உண்டா? அதே தோட்டத்தில் பிறந்து, அதே கோயில் திருவிழாவில் முகம் காட்ட வேண்டியவர்க்கு அத்துணிவு இல்லாமற் போகாது. கொழும்பிலிருந்து வந்து கொழும்புக்கே திரும்புபவரை அடுத்த மழையில் எங்கே தேடுவது?

இனி, தனி வீடு பெற்றோர் தம் கையாலே செய்யத்தக்கன எவை, தகாதன எவை என்பது. வெள்ளையடித்தல், கதவு யன்னலுக்கு வர்ணம் பூசுதல், புகைபோக்கியைத் துப்புரவாக்குதல், கூரை விளிம்பிற் பீலி பொருத்துதல், முற்றத்துக்குக் கல் பாவுதல் ஆகியவை வீட்டாரே செய்யக்கூடியவை. மின்கம்பியைத் தொடுதல் ஆகாது. லயங்கள் பல தீப்பற்றியதற்கு மின்னொழுக்கே காரணம். ஒரே கூரையாதலின் ஒரு காம்பராவில் எழுந்த தீ மற்றவற்றையும் விடாது. இன்னும் லயத்திலே வாழ்வோர் இடைச்சுவரை இடித்து அறையை விரிப்பதும் ஆகாது. அச்சுவர் அடுத்த வீட்டாரின் கூரையையும் தாங்குகின்றது.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது பின்புறத்து மண்மேட்டை வெட்டுதல். குசினிக்கு இடம் போதவில்லை என்று இரண்டடி வெட்டுவர். அடுத்த ஆண்டு மலசலகூடத்துக்கு மேலும் இரண்டடி. மண்வெட்டிக்கு இது அரைநாள் வேலை, செலவும் இல்லை. ஆனால் மேலுள்ள மண்ணைத் தாங்கி நின்ற அடிக்கால் அதனால் போயிற்று. மழைநீர் மண்ணுட் புகுந்து அதன் பாரத்தை மிகுத்து, பிடிப்பைத் தளர்த்துங்கால், தாங்குவாரற்ற மேடு வீட்டின்மேல் இறங்கும். தேசியக் கட்டட ஆய்வு நிறுவகத்தின் அலுவலர் பார்த்துச் சொல்லும் வரை அவ்விடத்தில் மண்வெட்டி விழலாகாது. சொந்தக் கையின் உரிமைக்கு எல்லை அம்மேட்டின் அடியே.

2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை ஒன்று நிறுவப்பட்டது. தோட்டக் குடியிருப்புக்களைக் கிராமங்கள் ஆக்குதல் அதன் நோக்கங்களுள் ஒன்று. வீடு முடிந்து, குடிபுகுந்து, பால் காய்ச்சிய பின்னும் உறுதிக்குக் காத்திருப்போர் இன்றும் உளர். உறுதி வந்தாலன்றி அவர் இரண்டாம் அறைக்கு வங்கிக் கடன் கேட்க இயலாது.  அதுவரை அவர் செய்யக்கூடிய வேலை ஒன்றுண்டு. ஆடியிலும் ஆவணியிலும் கச்சான் காற்று வீசி மண் உலர்ந்திருக்கும் நாட்களில், வீட்டின் பின்புறக் கானைத் தோண்டிச் சருகும் மண்ணும் நீக்கி, நீர் சரிவோடு ஓடுமாறு கீழ்வாய் வரை திறந்துவிடுதல். ஐப்பசியில் மழை இறங்கிவிட்டால் அதற்குப் பொழுது கிடையாது.